மூன்று சின்னங்களுக்கு ஒரு தொண்டை

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
ரீசார்ஜ் கடைக்கு மேலே ஒரு அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஒரு மைக், ஒரு மின்விசிறி.
அது ஓடும்போது இது ஓடக்கூடாது.

காலை பத்து மணிக்கு நான் தையல் மிஷின்.
மதியம் இஸ்திரிப் பெட்டி.
ராத்திரி, வெந்நீர் குடித்துச்
செருமிக்கொண்டு, பலூன்.

'அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே' என்பதை மட்டும்
ஒருமுறை சொன்னால் போதும்.
ஃபெலிக்ஸ் அதை வெட்டி
மூன்று பேருக்கும் ஒட்டிவிடுவான்.
காசு மட்டும் மூன்று முறை.

பேக்கரி முனையில் ஒருநாள்
மூன்று ஆட்டோவும் முட்டிக்கொண்டன.
அரைமணி நேரம்
தெரு முழுக்க
என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன்,
கையில் பால் பாக்கெட்டோடு.

அந்த வருஷம் போட்டி கடுமை.
எங்கள் சந்தில் நாற்பத்திரண்டு ஓட்டு.
அதுவரை எங்களைக் கும்பலாகப் பார்த்தவர்கள்
விரல்விட்டு எண்ண வந்தார்கள்.
கெம்பம்மா தமிழில் 'சாப்டீங்களா' பழகிக்கொண்டு வந்தார்.
இல்லை என்று யாராவது சொன்னால்
அடுத்து என்ன கேட்பதென்று
அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷம் வாய் திறந்து கிடந்த சாக்கடைக்கு
ஒரே ராத்திரியில் மூடி.
அதைப் பெயர்த்துவிட்டு
மறுவாரமே இன்னொருவர் போட்டார் கனமான மூடி.
இஸ்திரிப் பெட்டி தோண்டிய போர்வெல்லுக்கு
ஏழடி தள்ளிப் பலூன் தோண்டியது ஒன்று.
ரெண்டும் ஒரே ஊற்றை உறிஞ்சி
ரெண்டும் மே மாதம் செத்தன.
என்றாலும்
பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்
குளித்தோம்.

இதையும் சொல்ல வேண்டும்.
எதிர்வீட்டு ரோஸ்லினின் புருஷன்
பலூன் ஊர்வலத்தில் போனவன்.
கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.
தையல் மிஷின் ஆட்கள் என்றார்கள்.
மண்டையில் ஏழு தையல்.
கல் வந்த பக்கத்து ஆட்டோவில்
'விடாதீர்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்' என்று
கத்திக்கொண்டிருந்தது நான்.
ஓட்டைத்தான் சொன்னேன்.
எழுதித் தந்ததைத்தான் படித்தேன்.
ரோஸ்லின் ஜன்னலைச் சாத்தினாள்.
அடுத்த நாலு வருஷம்
அவள் வீட்டுத் தாளிப்பு வாசனை மட்டும் வந்தது.

இருபத்தாறு ஓட்டில் ஜெயித்தார் கெம்பம்மா.
இருபத்தாறு அவரைத் தூங்கவிடவில்லை.
குழாய் உடைந்தால் அவரே வந்தார்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
முழங்கால் சேற்றில்.

அடுத்த தேர்தலுக்குள்
இஸ்திரிப் பெட்டி அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.
பலூன் கடைசி நாளில் வாபஸ்.
என்ன கைமாறியதோ.
விரலில் மை இல்லாமல் போனது ஒரு தேர்தல்.
சுவர்கள் சுத்தம். சந்தில் சண்டை இல்லை.
எனக்கு வேலையும் இல்லை.
ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் குரலானேன்.
முப்பத்தேழு. முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு இருக்கிறாரா?

கெம்பம்மா நன்றாகத் தூங்கினார் போல.
லாரித் தண்ணீர் வாரம் ஒன்றானது,
பிறகு யாரையாவது கெஞ்சினால் ஒன்று.
சாக்கடை மூடியில் விரிசல்.
ஒருநாள் ஜன்னல் திறந்தது.
நாலு வருஷத்துக்குப் பிறகு ரோஸ்லின் பேசிய முதல் வார்த்தை:
'உங்க வீட்ல தண்ணி வருதா?'

வரவில்லை என்றேன்.
இருவரும் காலிக் குடங்களோடு
பேசிக்கொண்டே நின்றோம்.

இப்போது மறுபடியும் ஃபெலிக்ஸ் போன் செய்கிறான்.
இந்தத் தடவை நாலு பேராம்.
ஒரு வரியைப் படிக்கமாட்டேன் என்றேன்.
எந்த வரி என்று அவனுக்குத் தெரியும்.
'நீ படிக்காட்டி வேற ஆள் படிப்பாங்க' என்றான்.
படிக்கட்டும்.

ரோஸ்லினின் புருஷன் மாடியேறி வந்து
வாசலில் நிற்கிறான்.
'யாருக்கு இந்தத் தடவை?'
நாலு பேருக்கும்.
தலையைத் தடவிக்கொண்டான்.
இறங்கப் போனவன் திரும்பி,
'தண்ணின்னு வர்ற இடத்துல
கொஞ்சம் சத்தமா சொல்லு' என்றான்.

ஃபெலிக்ஸ் விசிறியை நிறுத்தினான்.